யார் பேர் முதல்ல?

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம். தூங்கி எழுந்து வருகிறவர்கள், தூங்காமலே வருகிறவர்கள். பெர்லினில் என் பக்கத்து சீட்காரர் இரண்டாவது ரகம். நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். நம்மூரில் என்றால் அந்த வயசுக்கு சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். இவர் கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே அதே கறுப்பில் வளையங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நேற்று டான்ஸ்."

"ராத்திரி பூராவுமா?"

"சேச்சே. காலை பத்து மணிக்குப் போய் சாயங்காலம் வந்துவிட்டேன். பசங்களுக்கு ஹோம்வொர்க் இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் ஒரு குடும்பஸ்தர் டிபனை முடித்து, பல் தேய்த்து, நடனமாடக் கிளம்பியிருக்கிறார். 2018-ல் அந்த ஊருக்கு வேலைக்குப் போன புதிதில் எனக்குக் கிடைத்த முதல் கலாசார அதிர்ச்சி இதுதான். குளிரெல்லாம் அப்புறம்.

அவர் நாற்காலியில் சதுரமாக ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பன்னிரண்டு அங்குல ரெக்கார்டு. என் பெரியப்பா வீட்டில், யாரும் தொடக்கூடாது என்று பீரோ மேல் வைத்திருப்பாரே, அந்த சைஸ். எடுத்துப் பார்த்தேன். நடிகர் படம் இல்லை, நடிகை படம் இல்லை, சூரிய அஸ்தமனம்கூட இல்லை. இரண்டு பெயர்கள்தான். மார்ஸெல் டெட்மன், பென் க்ளாக். வருஷம் 2006. ஒரு பக்கம் 'டானிங்' என்று ஒரு அயிட்டம், மறுபக்கம் இன்னொன்று.

ஒரு ரெக்கார்டு மேல் இரண்டு பேர் பெயரைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அதற்குக் காரணம் இருக்கிறது.

1997. திருச்சி. காலேஜ் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. என் நண்பன் டோலக். (பெயர் வேண்டாம். இன்னும் திருச்சியிலேயே ஒரு வங்கியில் கேஷியராக இருக்கிறான். டோலக் என்றே வைத்துக்கொள்வோம்.) அவன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் அவன் தட்டுவான், நான் முனகுவேன். அப்படி ஆறு பாட்டு. உறையூரில் ஒரு வீட்டு மாடி ஸ்டூடியோவில் கடன் வாங்கி ரெக்கார்டு பண்ணி, 200 கேசட் போட்டோம். அட்டை அச்சடிக்கக் கொடுத்தவன் நான். 'இசை' என்று போட்டு என் பெயரைக் கொட்டை எழுத்தில் கொடுத்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தாளம்' என்று போட்டு அவன் பெயர்.

அச்சகத்திலேயே அட்டையைப் பார்த்தான். "இசைன்னா நீ மட்டுமாடா?" என்றான்.

"ட்யூன் போட்டவன் பேர்தானே முதல்ல வரும்? உலக வழக்கம்டா" என்றேன். இருபது வயசில் எனக்கு உலக வழக்கமெல்லாம் அத்துப்படி.

அவன் டோலக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விற்றது சொந்தக்காரர்களையும் சேர்த்து 37 கேசட். மிச்சம் 163 என் கட்டிலுக்கு அடியில். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, அதை விடுங்கள். 2009-ல் அவன் அப்பா தவறிப்போனார். எனக்குக் கையில் காசு இல்லாதபோதெல்லாம் பஸ்ஸுக்குக் கொடுத்து அனுப்பின மனுஷர். செய்தி வந்தபோது நான் சென்னையில்தான் இருந்தேன். ஆறு மணி நேர பஸ். 'ஆபீசில் ரிலீஸ்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன்.

சரி, பெர்லினுக்கு வருவோம்.

பக்கத்து சீட்காரர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். டம் டம் டம் டம். மேலே ஏதோ மூடுபனி மாதிரி ஒரு சத்தம் மெல்ல நகர்கிறது. நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டம் டம் டம் டம். மரியாதைக்கும் ஒரு அளவு இருக்கிறதே.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றேன்.

"ஆரம்பித்து நாலு நிமிஷம் ஆகிறது."

அன்றைக்கு அவர் பொறுமையாக விளக்கினதையும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டெக்னோ என்பது அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பு இளைஞர்கள் 1980களில் உண்டாக்கின சங்கீதம். கார் தொழிற்சாலைகள் நொடித்துக்கொண்டிருந்த ஊர். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்ஸன் என்று மூன்று பேரைப் பிதாமகர்களாகச் சொல்வார்கள். ஒரே பள்ளிக்கூடத்து சிநேகிதர்கள். (ஆக, இது ஆரம்பத்திலிருந்தே கூட்டு வியாபாரம்.) ரோலண்ட் கம்பெனி 1983-ல் 909 என்று ஒரு தாள இயந்திரம் கொண்டுவந்தது. நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று வாத்தியக்காரர்கள் கழித்துக்கட்டினார்கள். செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைத்ததை இந்தப் பசங்கள் வாங்கித் தட்டினார்கள். அந்த 'டம்'தான் இன்றுவரை.

1989-ல் பெர்லின் சுவர் விழுந்ததும், கிழக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கிடங்கு, பாதாள அறை, மின் நிலையம் எல்லாவற்றிலும் இந்த சத்தம் குடியேறியது. 1991-ல் ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பணப் பெட்டக அறையில் 'ட்ரெஸோர்' என்று கிளப் திறந்தார்கள். கிளப்பே ரெக்கார்டு கம்பெனியும் ஆரம்பித்தது. அதன் முதல் ரெக்கார்டு டெட்ராய்ட்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தது. மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட். அட்டையில் எக்ஸ்-101 என்று ஏதோ பஸ் ரூட் நம்பர் மாதிரி போட்டிருந்தார்கள். பெயர் சண்டைக்கே இடமில்லை பாருங்கள். அச்சகத்தில் எனக்கு இது தோன்றியிருக்கலாம்.

டெட்மனும் க்ளாக்கும் இருந்தது 'பெர்க்ஹைன்' என்ற கிளப்பில். அங்கே அவர்கள் 'ரெசிடென்ட்'. இந்த வார்த்தைக்கு விசா ஆபீசில் ஒரு அர்த்தம், கிளப்பில் வேறு அர்த்தம். நம்மூர்க் கோயில் மேளக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். உற்சவத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய நாயனக்காரர் வருவார், போஸ்டர் ஒட்டுவார்கள், ஒரு ராத்திரி வெளுத்துக் கட்டிவிட்டுப் போவார். கோயில் மேளக்காரருக்கு போஸ்டர் கிடையாது. ஆனால் காலசந்திக்கு என்ன ராகம், பள்ளியறைக்கு என்ன ராகம், எந்த மண்டபத்தில் எந்தத் தூண் எதிரொலிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ரெசிடென்ட் டி.ஜே. அந்த ஜாதி. மற்றவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவார்கள். சனி நள்ளிரவு ஆரம்பித்து திங்கள் காலை வரை ஓடுகிற விருந்தில் கடைசி எட்டு மணி, பத்து மணி நேரத்தை இழுத்துப் பிடிப்பது வீட்டுக்காரர்கள் வேலை.

அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ரெக்கார்டு செய்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் 'டானிங்' சாம்பிள். முதலும் கடைசியும் வெறும் தாளமாக இருக்கும். முந்தைய ரெக்கார்டு முடிவதற்குள் இதைக் கோத்துவிடுவதற்காக. சட்டையில் தையலுக்கு ஓரம் விடுகிறோமே, அது மாதிரி. நடுவில் ட்யூன் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இதன் மேல் இன்னொரு ரெக்கார்டு வந்து உட்காரப்போகிறது. தனியாகக் கேட்டால் மொட்டையாகத்தான் இருக்கும். ஊறுகாயை மட்டும் தட்டில் போட்டு சாப்பாடு எங்கே என்று நான் கேட்டிருக்கிறேன்.

"இதில் யார் செய்தது எது?" என்றேன். டெஸ்டிங் வேலை பார்க்கிறவனுக்கு இந்த புத்தி போகாது. எந்தத் தப்பு யாருடையது என்று பிரித்துக் காட்டித்தானே சம்பளம் வாங்குகிறோம்.

அவர் ரெக்கார்டைத் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வருஷமாகக் கேட்கிறேன். தெரியவில்லை" என்றார். கணக்கு உதைத்தது. நாங்கள் பேசினது 2019-ல். திருத்தாமல் விட்டேன்.

அந்த வருஷமே ஹார்ட் வாக்ஸ் என்ற கடைக்கும் கூட்டிப்போனார். அப்போது அது இருந்தது க்ராய்ட்ஸ்பெர்க்கில் கால்வாய் ஓரம், ஒரு கட்டடத்தின் பின்கட்டில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. 1989-ல் ஆரம்பித்த கடை. டெட்மன் அங்கே கவுண்டரில் வேலை பார்த்தவர். வாரம் பூரா ரெக்கார்டு விற்பது, வாரக் கடைசியில் ரெக்கார்டு சுழற்றுவது. கடையை ஆரம்பித்த மார்க் எர்னஸ்டஸ், மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்ட் என்பவரோடு சேர்ந்து 1993-லிருந்து 'பேசிக் சேனல்' என்ற பெயரில் ரெக்கார்டுகள் வெளியிட்டார். லேபிளில் ஆள் பெயரைத் தேட வேண்டும். கம்பெனி பெயரே சில லேபிள்களில் இழுத்து நசுக்கி, படிக்க முடியாமல் இருக்கும். தபால் முத்திரை மாதிரி. 'இவர்களுக்கு அம்மா அப்பா, சொந்தக்காரர்கள் கிடையாதா? யாரிடம் காட்டிப் பெருமைப்படுவார்கள்?' என்று எனக்குக் கவலையாக இருந்தது.

டெட்மன்-க்ளாக் விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்த 2006-லேயே இருவரும் ஆளுக்கொரு சொந்த ரெக்கார்டு கம்பெனியும் ஆரம்பித்தார்கள். டெட்மனுக்கு எம்.டி.ஆர்., க்ளாக்குக்கு க்ளாக்வொர்க்ஸ். கூட்டுக் குடும்பமும் உண்டு, தனிச் சமையலும் உண்டு. 2017-ல் மறுபடி சேர்ந்து 'ஃபேண்டம் ஸ்டடீஸ்' என்று ஒன்று போட்டார்கள். பதினொரு வருஷத்தில் சண்டை வந்ததோ இல்லையோ, நமக்குத் தெரியாது. திரும்பச் சேர்ந்தார்கள் என்பது ரெக்கார்டில் இருக்கிறது.

கிளப்புக்குப் போனாயா என்று கேட்பீர்கள். ஒரு கிளப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். இரண்டு மணி நேரம் க்யூவில் நின்றேன். வாசலில் நின்ற ஆசாமி என்னைப் பார்த்தார், என் ஃபார்மல் சட்டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், தலையை இடமிருந்து வலமாக ஒரே ஒரு தரம் ஆட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட காபி கொடுத்துத்தான் வேண்டாம் என்பார்கள்.

கடைசியில் பக்கத்து சீட்காரர் ஒரு சின்ன பாருக்குக் கூட்டிப்போனார். அறுபது பேர் நின்றால் நிரம்பிவிடும். அந்த இடத்து ரெசிடென்ட்கள் இரண்டு பேர் 'பேக் டு பேக்' வாசித்தார்கள். அதாவது நீ ஒன்று, நான் ஒன்று. நான் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையை ஒட்டி நின்று அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் ரெக்கார்டு ஓடும்போது அடுத்தவர் ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் வைத்து, தன்னுடையதைத் தேடி, வேகத்தைச் சரிபண்ணுகிறார். டர்ன்டேபிள் ஓரத்தில் ஒரு நெம்பு இருக்கிறது. நூற்றுக்கு எட்டு வரை கூட்டலாம், குறைக்கலாம். நிமிஷத்துக்கு 130 அடியில் ஓடுகிற இரண்டு தட்டுகளையும் ஒரே தட்டாக ஆக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் 'டம்' இரண்டு 'டடம்' ஆகிவிடும். குதிரை நொண்டுகிற மாதிரி.

நடுராத்திரிக்கு மேல் ஒரு தடவை அப்படிப் பிசகியது. தாடிக்காரர் ரெக்கார்டு நழுவ ஆரம்பித்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பையைக் குடைந்துகொண்டிருந்தார், கவனிக்கவில்லை. மற்றவர் பேசாமல் கையை நீட்டி, தாடிக்காரரின் தட்டு ஓரத்தில் ஒரு விரலை லேசாக வைத்தார். அரை விநாடி. குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இரண்டும் ஒட்டிக்கொண்டன. தாடிக்காரர் திரும்பினார். அவரிடம் இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகிற ஜனம் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு சுரீரென்றது.

1996 டிசம்பர். காலேஜ் விழா. எண்ணூறு பேர். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கீபோர்டு இடையிசை என்னுடையது. கையை வைத்தேன், ஒன்றுமே வரவில்லை. மூளை சுத்தமாகத் துடைத்த சிலேட்டு. டோலக் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்படியே தாளத்தை மடக்கி, ஏதோ ஏற்கெனவே திட்டம் போட்ட தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரு நாலு ரவுண்டு வாசித்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கீழே இறங்கியதும் எல்லோரும் அவனிடம், "அந்த இடம் பிரமாதம்டா!" என்றார்கள். "ரெண்டு பேரும் பேசிவெச்சதுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

நான்கு மாசம் கழித்துத்தான் அட்டையில் அவன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டேன்.

பெர்க்ஹைனுக்குள் நான் போனது 2020-ல். கொரோனாவில் கிளப்புகள் மூடிக் கிடந்தபோது, செப்டம்பரில் அங்கே கலைக் கண்காட்சி வைத்தார்கள். டிக்கெட் வாங்கியவனை வாசலில் யாரும் மேலும் கீழும் பார்க்கவில்லை. ஃபார்மல் சட்டையோடு கம்பீரமாக நுழைந்தேன். வெளியே சுவரில் ராட்சத பேனர்: நாளை என்பதுதான் கேள்வி. உள்ளே கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் 1950களில் கட்டின அனல் மின் நிலையத்தின் கான்க்ரீட். 18 மீட்டர் உயர ஹால். கிளப்பின் பெயரே க்ராய்ட்ஸ்பெர்க், ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் என்ற இரண்டு பேட்டைகளின் வால்களை ஒட்டவைத்தது. சுவர் இருந்த காலத்தில் முன்னது மேற்கு, பின்னது கிழக்கு. அங்கே யார் பெயர் முதலில் என்று பஞ்சாயத்து நடந்ததா என்று விசாரிக்க ஆசை. ஆள் கிடைக்கவில்லை.

காலி ஹாலில் நிற்கும்போது பக்கத்து சீட்காரர் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. இந்த கிளப்பின் ரெக்கார்டு கம்பெனி 'ஓஸ்ட்குட் டோன்'. 2005-ல் ஆரம்பித்தது. ஐந்து வருஷ நிறைவுக்கு 2010-ல் ஒரு தொகுப்பு போட்டார்கள். எமிகா என்ற பெண் கலைஞர், ஆளில்லாத நேரத்தில் மைக்கோடு இந்தக் கட்டடத்தில் உலாவி, ஃப்ரிட்ஜ் உறுமுவது, விளக்கு இரைவது என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார். அந்தச் சத்தங்களை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்து, இதை வைத்து ஆளுக்கொரு அயிட்டம் செய்யுங்கள் என்றார்கள். கட்டடமே கூட்டாளி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நாங்கள் ஒரு நன்றிகூடப் போடவில்லை.

இடையில் ஆபீஸ்காரர்களுக்காக ஒரு வரிச் செய்தி. பெர்க்ஹைன் டிக்கெட்டுக்கு எத்தனை சதவீதம் வரி என்று கேஸ் நடந்தது. கேளிக்கை என்றால் 19, கச்சேரி என்றால் 7. அங்கே நடப்பது கச்சேரிதான் என்று 2016-ல் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2024-ல் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் கலாசார மரபுப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. பக்கத்து சீட்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமை டான்ஸுக்குப் போவது பாரம்பரியக் கலையைப் பேணுவதற்காக. மனைவியிடம் அப்படித்தான் சொல்கிறாராம்.

2021 கடைசியில் ஓஸ்ட்குட் டோன் கம்பெனியை மூடினார்கள். அந்தச் சேதி வந்த அன்று அவர் லஞ்ச் சாப்பிடவில்லை. "கேட்கக் கேட்க இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

2022 பொங்கலன்று போன் செய்தேன். நம்பரை ஒரு பழைய காலேஜ் நண்பனிடம் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பொங்கல் ஒரு சாக்கு. மூன்று ரிங். எடுத்தான்.

"யாருங்க?"

பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம். அப்புறம் அதுவும் நின்றது.

"அப்பா போனப்ப வந்திருக்கணும்டா நான்" என்றேன். வேறு என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

"ஆமா. வந்திருக்கணும்" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசி வரைக்கும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றான்.

அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அச்சகம், அட்டை, பொடி எழுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். காலேஜ் விழாவில் நான் முழித்ததையும் அவன் நாலு ரவுண்டு வாசித்துக் காப்பாற்றினதையும் சொன்னேன்.

"நாலா? எட்டுடா" என்றான். "அவ்ளோ நேரம் நீ பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டிருந்தே. கை வலி ரெண்டு நாளைக்கு."

சிரித்தானா என்று போனில் தெரியவில்லை. ஆனால் மிக்சி மறுபடி ஓட ஆரம்பித்தது.

இப்போது டோலக் அவனிடம் இல்லை. எப்போதோ மச்சான் பையனுக்குக் கொடுத்துவிட்டானாம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இரும்பு பீரோ கதவில் தட்டி, செல்போனில் பதிவு செய்து அனுப்பினான். இருபது விநாடி. பின்னால் பிரஷர் குக்கர் விசில் ஒன்று. நான் அதை லேப்டாப்பில் போட்டு, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அடியில் 130-ல் ஒரு டம் வைத்தேன். குக்கர் விசிலை எடுக்கவில்லை. நன்றாக வந்து விழுந்தது. முழுசாக ஏழு நிமிஷம். இரண்டு ராத்திரி உழைப்பு. பக்கத்து சீட்காரரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டார். சட்டென்று எனக்குச் சொல்ல வரவில்லை.

திருச்சிக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஏழு நிமிஷம் காத்திருந்தேன். பதில் வந்தது:

"கேட்டேன்டா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"